லிகாயா கூட்டிவந்தவர்கள்

லிகாயா கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் கையில் சாப்பாடு இருக்கும். மற்ற நாட்களில் வேலைக்குப் போகும் நீலச் சட்டையோடு வேலிக்கு மேலால் கை அசைத்துவிட்டுப் போய்விடுவாள். கறுப்புச் சட்டை நாட்களில் மட்டும், பிற்பகல் வேளையில், தன் வீட்டைத் தாண்டி வந்து எங்கள் வாசல் மணியை அடிப்பாள். உள்ளே வந்து தேநீர் குடிப்பாள். யாரைப் பற்றியாவது வம்பு பேசிச் சிரிப்பாள். பிறகு எழும்பிப் போய்விடுவாள். எங்கள் வீட்டுக்கு வருவதற்கென்றே நல்ல உடுப்பு உடுத்துகிறாள் என்று நினைத்து நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு நன்றாக வேண்டும்.

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் தூரத்தில், சிவப்புச் செங்கல்லில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள் எங்களுடையவை. அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மரவேலி ஒன்றுதான். நான் பரமட்டாவில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் மதியம் வரை இருப்பேன். என் கணவர் ஸ்ரீகாந்தன் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். லிகாயா ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். பிலிப்பைன்ஸ்காரி. அவளுடைய கணவர் நெஸ்டர் முன்பு கப்பலில் சமையற்காரராக இருந்தவர். இதயம் களைத்துப்போய், கால் இரண்டும் வீங்கி, ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்திருப்பார். மருந்தைத் தவிர இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த மனிதரை உயிரோடு வைத்திருப்பது ஒன்றுதான் லிகாயாவின் கவலை. அவள் சமைத்தது, சிரித்தது, பொய் சொன்னது எல்லாம் அதற்காகத்தான்.

நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். ஆனால் எனக்கு அதெல்லாம் என் தமிழில்தான் நினைவில் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன். அவள் என்னை 'ஆத்தெ' என்று கூப்பிடுவாள். மூத்த அக்காவை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். தபால்காரியையும் அவள் ஆத்தெ என்றுதான் கூப்பிட்டாள் என்பதைப் பிறகு கண்டுகொண்டேன்.

அவளோடு பழகுவதற்கு முதலில் அவளுடைய 'ஓம்' பிடிபட வேண்டும். முகத்துக்கு நேரே ஒருவருக்கு 'இல்லை' என்று சொல்வது அவர்களுக்குக் கன்னத்தில் அறைவது மாதிரி. கோயில் திருவிழாவுக்கு வாரும் என்றேன். "ஓம் ஆத்தெ, கட்டாயம்" என்றாள். வரவில்லை. நான் இரண்டு பேருக்கும் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்து கொதித்துப்போனேன். அந்த 'ஓம்' கடைசியில் கொஞ்சம் மேலே போகும். அப்படிப் போனால் அது 'இல்லை' என்பது எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது. பன்னிரண்டு மணிக்கு வரச்சொன்னால் இரண்டு மணிக்கு வருவாள், அதற்கு ஒரு மன்னிப்பும் கேட்கமாட்டாள். தட்டில் கடைசித் துண்டு கிடந்தால் செத்தாலும் தொடமாட்டாள். எதையும் விரலால் காட்டாமல் உதட்டைக் குவித்துத்தான் காட்டுவாள். கோபம் வந்தால் சண்டை பிடிக்கமாட்டாள், வாயை மூடிக்கொள்வாள். சண்டை பிடிக்கிற ஆளோடு எனக்குச் சமாளிக்கத் தெரியும். இந்த மௌனம் என்னைக் கொன்றுவிடும்.

ஆனால் ஒரு மழைநாளில் எங்கள் பின்பக்கக் கான் அடைத்துத் தண்ணீர் குசினிக்குள் ஏறியபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். நான் எங்கள் ஆட்கள் நாலு பேருக்குத் தொலைபேசி எடுத்தேன். நாலு பேரும் நல்ல ஆலோசனை சொன்னார்கள். லிகாயாவை நான் கேட்கவே இல்லை. அவள் எங்கிருந்தோ ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு, வாளிகளோடு, வெறுங்காலோடு வந்து நின்றாள். பாட்டுப் பாடிக்கொண்டே அள்ளி ஊற்றினார்கள். முடிந்ததும் எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து தாங்கள் கொண்டுவந்ததைச் சாப்பிட்டுவிட்டு, எனக்கும் கொஞ்சம் சுற்றித் தந்துவிட்டுப் போனார்கள்.

அவள் வாழ்க்கையில் இன்னொருத்தி உண்டு. நெஸ்டரின் அக்கா செலியா. பிளாக்டவுனில் பெரிய வீடு. இருவரையும் இந்த நாட்டுக்கு எடுத்து விட்டவர் அவர்தான். அதனால் லிகாயாவின் சனிக்கிழமைகள் செலியாவுக்குச் சொந்தம். லிகாயாவின் ஜன்னல் சீலை என்ன நிறம் என்பதையும் செலியாதான் தீர்மானித்தார். நன்றி என்பது எங்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களுக்கு அது ஆயுள் தண்டனை.

கறுப்புச் சட்டை விஷயத்துக்கு வருகிறேன். அவள் அப்படி வந்துபோன பிறகு வீடு ஒரு மாதிரி இருக்கும். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. ஒரு முறை அவள் போன பிறகு முன்னறையில் முகப்பவுடர் வாசம் வந்தது. நான் பவுடர் பூசுவதில்லை. லிகாயாவும் பூசுவதில்லை. பழைய காலத்து வெள்ளைக்காரக் கிழவிகள் பூசுகிற ரோஜா வாசப் பவுடர். ஜன்னலைத் திறந்து வைத்தேன். வாசம் போகவில்லை. அது நடைபாதையிலிருந்து குளியலறைக்கும், குளியலறையிலிருந்து முன்னறைக்கும், யாரோ மெதுவாக நடந்து திரிவது போல இடம் மாறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் தானாகவே இல்லாமல் போயிற்று.

அடுத்த கறுப்புச் சட்டைக்குப் பிறகு தொலைக்காட்சி. நான் வேலையிலிருந்து வந்தபோது குதிரை ஓட்டம் போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீகாந்தன் பின்தோட்டத்தில் கத்தரிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். இந்த வயதில் குதிரைப் பைத்தியமா என்று அவரைப் பிடித்துக் குதறினேன். தான் காலையிலிருந்து உள்ளேயே வரவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. அடுத்த நாளும் அதே நேரம் அதே குதிரைகள். அதற்கு அடுத்த நாள் நான் வீட்டில் நின்றேன். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது முன்னறையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். ஸ்ரீகாந்தனுடைய செருமல் இல்லை. சிகரெட் பிடித்து அரித்துப்போன தொண்டை. எட்டிப் பார்த்தேன். நல்ல வெயில், ஜன்னல் சீலை திறந்து கிடந்தது. சாய்கதிரையின் மெத்தை நடுவில் குழிந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலே வந்தது. யாரோ எழும்பினார்கள்.

வெங்காயக் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, தேவாரம் ஒன்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் அடுத்த வரி மறந்துவிட்டது.

உண்மை தெரியவந்தது நெஸ்டரின் பிறந்தநாள் விருந்தில். அந்தச் சின்ன வீட்டுக்குள் எத்தனை பேர் என்று சொல்ல முடியாது. ஒரு மூலையில் கரோக்கே இயந்திரம் அலற, நெஸ்டர் ஒலிவாங்கியை மடியில் வைத்துக்கொண்டு மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பாடினார். எல்லோரும் அவருக்காகக் காத்திருந்து அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார்கள். எனக்கென்று மரக்கறி மட்டும் வைத்துச் சுருட்டிய லும்பியாவைத் தனித் தட்டில் வைத்திருந்தாள் லிகாயா. அப்போது செலியா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்கள்தானே அந்த வீடு?" என்றார். "செத்தவீட்டால வந்து லிகாயா பக்பக் செய்யிற வீடு?"

எனக்கு விளங்கவில்லை. செலியாவுக்கு விளக்கம் சொல்வதில் சந்தோஷம். செத்தவீட்டுக்குப் போனால் நேரே வீட்டுக்குப் போகக்கூடாதாம். செத்தவர் பின்னால் வருவாராம். வழியில் வேறெங்காவது ஏறி, கொஞ்ச நேரம் இருந்து, அவரை அங்கே உதறிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டுமாம். தூசு தட்டுகிற மாதிரி. அதற்குத்தான் பக்பக் என்று பெயர்.

"நாங்கள் எல்லாரும் கோழிக்கடைக்குத்தான் போறனாங்கள்" என்றார் செலியா. "இவள் மட்டும் உங்களிட்ட வாறாள். அந்த இல்லத்தில ஆர் செத்தாலும் இவள் போகாமல் இருக்கமாட்டாள்." சொல்லிவிட்டு உதட்டைக் குவித்து லிகாயாவைக் காட்டிச் சிரித்தார்.

கடித்த லும்பியாவைத் தட்டிலேயே வைத்தேன். எங்கள் வழக்கம் தெரிந்தவர்களுக்கு என் நிலை விளங்கும். செத்தவீட்டுக்குப் போனால் நாங்கள் நேரே வீட்டுக்கு வந்து, ஒன்றையும் தொடாமல் தலைமுழுகிவிட்டுத்தான் மற்ற வேலை. வழியில் இன்னொருவர் வீட்டுப் படியேறுவது என்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். இவளோ படியேறியது மட்டுமில்லை, ஆளையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறாள்!

அடுத்த நாள் காலை அவள் உடுப்புக் காயப்போட வரும்வரை வேலியோரம் நின்றேன்.

"லிகாயா, நீர் செத்தவீட்டிலயிருந்து நேர என்ர வீட்டுக்கே வாறனீர்?"

அவள் சிரித்தாள். வெட்கம் தாங்க முடியாதபோது அவர்கள் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"சிரிக்காதையும்! என்ர வீடென்ன உங்கட பஸ் ஸ்டாண்டே?"

"நெஸ்டர் வீட்டில இருக்கிறார், ஆத்தெ" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "பின்னால வாற ஆள் வெறுங்கையோட திரும்பிப் போகமாட்டார். ஆரையாவது கூட்டிக்கொண்டுதான் போவார். நெஸ்டரைக் கூப்பிடுறது லேசு. அவர் ஆர் கூப்பிட்டாலும் போயிடுவார்."

"அப்ப என்ர மனுசன்?"

"ஸ்ரீகாந்தன் அங்கிளை ஆர் கூப்பிட்டாலும் எழும்பமாட்டார், ஆத்தெ."

அது உண்மைதான். அதனால் இன்னும் கோபம் வந்தது. "எல்லாரும் கோழிக்கடைக்குத்தானே போகினம்? நீரும் அங்க போயிருக்கலாமே!"

அவள் முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "அங்க அவையை ஆர் பார்க்கிறது? அந்த இல்லத்துக்கு அவையைத் தேடி ஒருத்தரும் வாறேல்லை. செத்தவீட்டில நானும் பாதிரியாரும்தான். அதுக்குப் பிறகும் கோழிக்கடை வாசலில விட்டிட்டு வாறதே? உங்கட வீட்டில விளக்கு எரியுது. இத்தனை சாமி இருக்கினம். ஆராவது ஒரு ஆள் கவனிப்பினம் எண்டு நினைச்சன்."

பதில் வராவிட்டால் நான் கத்துவேன், அது என் சுபாவம். "இனி அப்படி வரக்கூடாது" என்று கத்தினேன்.

"ஓம் ஆத்தெ" என்றாள். அந்த 'ஓம்' மேலே போகவில்லை.

அதன் பிறகு வேலிக்கு மேலால் கை அசைப்பது நின்றது. சாப்பாடு நின்றது. அவள் வீட்டுச் சீலை பகலிலும் மூடியே கிடந்தது. வந்துவிட்டவரோ போகவில்லை. குதிரை ஓட்டம் தொடர்ந்தது. ஸ்ரீகாந்தன் பேய் பிசாசு என்றால் சிரிக்கிற மனிதர். அவர் தன்னுடைய சாய்கதிரையை விட்டுச் சுவரோரம் கிடந்த கட்டைக் கதிரையில் உட்காரத் தொடங்கியிருந்தார்.

"ஏன் உங்கட கதிரையில இருக்கிறேல்லை?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "தெரியேல்லை. அதில ஆரோ இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றுவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். எனக்கு அழுகை வந்தது. என் வீட்டில் நான் ஒருவரைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். கூட்டும்போது அந்தக் கதிரைக்குக் கீழே தும்புத்தடியை விடத் தயங்கினேன்.

இதற்கு வழி அவளுக்குத்தான் தெரியும் என்று ஒரு நாள் மானத்தை விட்டுப் போய் அவள் கதவைத் தட்டினேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள். கதவு பூட்டியிருக்கவில்லை. நெஸ்டர் ஜன்னலோரத்திலிருந்து உள்ளே வரச்சொன்னார். நான் வாசல்படியிலேயே நின்றேன்.

"லிகாயா இப்ப செத்தவீட்டுக்குப் போறேல்லை" என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். "போயிட்டு வந்து ஏற இடமில்லையாம். செத்தவை தனியப் போகினம் எண்டு அழுகிறாள்."

நான் கதவு நிலையில் கை வைத்தேன்.

"அவள் என்னைக் காப்பாற்றுறன் எண்டு நினைக்கிறாள், மேடம். நான் நம்புறேல்லை. ஆனால் ஏதாவது செய்துகொண்டிருந்தால் அவளுக்குப் பயமில்லை. சும்மா இருந்தால்தான் பயப்படுறாள்." கப்பலில் எத்தனையோ பேருக்கு ஆக்கிப் போட்ட கை, மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு அவர் என்னைத் தாண்டி, என் தோளுக்கு மேலால் பார்த்து, மரியாதையாகப் புருவத்தை உயர்த்தினார். அவர்கள் வணக்கம் சொல்வது அப்படித்தான்.

"ஏன் அவரை வெளியில வைச்சிருக்கிறியள்? உங்களோட வந்தவரையும் உள்ள வரச்சொல்லுங்கோ."

திரும்பிப் பார்த்தேன். வெயில் அடித்த சிமெந்துப் பாதை. ஒருவரும் இல்லை. சிகரெட் மணம் மட்டும் வந்தது.

என்ன செய்தேன் என்பது எனக்கே தெரியாது. "இல்லை, இவர் வரமாட்டார்!" என்று சொல்லிக் கதவைப் படாரென்று இழுத்துச் சாத்தினேன். அந்த வாசலை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நடக்கத் தொடங்கினேன், எங்கள் வீட்டுப் பக்கம் இல்லை, ஸ்டேஷன் பக்கம். எனக்குப் பின்னால் ஒருவர் காலை இழுத்து இழுத்து வந்தார். செருப்புச் சத்தம் அல்ல, வீட்டுக்குள் போடுகிற துணிச் சப்பாத்தின் சத்தம். நான் நின்றால் அதுவும் நின்றது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குள் நுழைந்து, மூலை மேசையில் உட்கார்ந்து, தேநீர் கேட்டேன். இங்கே உதறிவிட்டுப் போய்விடலாம் என்பதுதான் என் எண்ணம். உண்மையைச் சொல்ல வெட்கம் என்ன?

கடை நிரம்பி வழிந்தது. கொத்துரொட்டிச் சத்தம் காதைப் பிளந்தது. யாரோ ஒருவர் வந்து எனக்கு எதிரே கிடந்த கதிரையைக் கேட்காமல் இழுத்துக்கொண்டு போனார். நான் தேநீரைக் குடித்து முடித்து எழும்பி, கதவு வரை வந்துவிட்டேன். கதவில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தேன். மேசைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த அந்தச் சின்ன இடைவெளியில் ஒருவரும் நிற்கவில்லை. ஆனால் சாப்பாடு தூக்கிக்கொண்டு ஓடிய பெடியன் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் உடம்பை வளைத்துக்கொண்டுதான் போனான். அந்தக் கிழவனுக்குத் தெரியாத பாஷை, தெரியாத மணம், உட்காரக் கதிரையும் இல்லை. இந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனால் அவன் எங்கே போவான்?

"சரி, வாரும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கல்லாப்பெட்டியில் இருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அன்று பின்னேரம் லிகாயா வேலையால் வந்ததும் வேலிக்குப் போனேன். "நீர் செத்தவீட்டுக்குப் போம். போயிட்டு என்னட்ட வாரும். ஆனால் முதல்ல தோட்டத்துக் குழாயில கால்கை கழுவிப்போட்டுத்தான் உள்ள வரவேணும். சாமியறைக்குள்ள ஒருத்தரும் வரக்கூடாது, சொல்லிப்போட்டன்."

"தண்ணியில கழுவினால் அவை போயிடுவினம், ஆத்தெ."

"போகமாட்டினம். எங்கட ஆக்கள் தலையில ஊத்தினால்தான் போவினம்."

இது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்த நேரம் வாயில் வந்தது. லிகாயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். பிறகு முன்னறைக்கு வந்து சாய்கதிரைக்கு முன்னால் குனிந்து நின்று, தன் பாஷையில், வயதில் மூத்தவர்களுக்குப் போடும் மரியாதைச் சொல்லை ஒவ்வொரு வரியிலும் சேர்த்து ஏதோ சொன்னாள். அவருடைய பெயர் மிஸ்டர் ஹாலிஸ் என்று அப்போதுதான் எனக்குச் சொன்னாள். கொஞ்ச நாளில் தொலைக்காட்சி அமைதியானது. ஸ்ரீகாந்தன் ஒன்றும் கேட்காமல் தன் கதிரைக்குத் திரும்பினார்.

அதன் பிறகு எத்தனையோ பேர் வந்து போனார்கள். ஒருத்தி பகல் முழுவதும் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஒருவர் நடைபாதையில் நின்று தாயைக் கூப்பிட்டார், எண்பது வயதுக் குரலில். எனக்குப் பயம் விட்டது என்று சொல்லமாட்டேன். நெஸ்டர் ஜன்னலில் இருக்கிறாரா என்று காலையில் வேலிக்கு மேலால் பார்ப்பேன். அவர் புருவத்தை உயர்த்துவார். அதோடு என் பயத்தை மூட்டை கட்டி வைத்துவிடுவேன்.

நெஸ்டர் மாசி மாத வெயிலில் ஒரு மதியம் போனார். ஜன்னலோரத்திலேயே. லிகாயா சோறு போட்டுக்கொண்டு வந்தபோது மூச்சு இருக்கவில்லை. யாரும் அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று நான் அவளுக்குச் சொன்னேன். இதயம் முடிந்தது, அவ்வளவுதான். அவள் தலையாட்டினாள்.

சாவுக்கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்து நாள்கணக்காகக் காவல் இருந்தார்கள். எங்கள் செத்தவீட்டில் இப்படிச் சிரித்தால் அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். சீட்டு விளையாடினார்கள், சாப்பிட்டார்கள், நெஸ்டர் கப்பலில் உப்புக்குப் பதில் சீனி போட்ட கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். லிகாயாவும் சிரித்தாள். பெட்டிக்குள் கண்ணீர் விழக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தாள். எல்லோரிடமும் "சாப்பிட்டியளே" என்று கேட்டுக்கொண்டு திரிந்தாள். அவள் சாப்பிட்டதை நான் காணவில்லை.

அடக்கம் முடிந்து மயானத்தில் கார்கள் கிளம்பும்போது செலியா என் கார் ஜன்னலுக்குக் குனிந்தார். லிகாயா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் பிளாக்டவுன் கோழிக்கடைக்கு. ஒருத்தரும் நேர வீட்டுக்குப் போகக்கூடாது. லிகாயா, விளங்குதே? நான் என்ர தம்பியை அங்கதான் விடப்போறன்."

"ஓம் ஆத்தெ" என்றாள் லிகாயா, அழகாகச் சிரித்து.

செலியாவுக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அந்த 'ஓம்' மேலே போயிற்று.

கோழிக்கடைக்கு வராவிட்டால் என் வீட்டுக்கு வருவாள் என்று நினைத்தேன். அதற்காகவே காலையில் விளக்கை ஏற்றி, முன்னறையைக் கூட்டி வைத்துவிட்டு வந்திருந்தேன். நெஸ்டர் வந்து எங்கள் வீட்டில் எவ்வளவு நாள் இருந்தாலும் எனக்குச் சம்மதம். சிக்னல் விளக்குச் சந்தியில் மற்றக் கார்கள் எல்லாம் வலப்பக்கம் திரும்பின. நான் இடப்பக்கம் திருப்பினேன். லிகாயாவின் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. அவள் அதை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"எங்கட வீட்டதானே?" என்றேன்.

"இல்லை, ஆத்தெ" என்றாள். நான் காரைக் கிட்டத்தட்ட நடைபாதையில் ஏற்றிவிட்டேன். "எங்கட வீட்ட. நேர."

"உமக்கென்ன விசரே? வெறுங்கையோட திரும்பிப் போகமாட்டினம் எண்டு நீர்தானே சொன்னனீர்? அங்க ஆர் இருக்கினம்? நீர் மட்டும்தானே!"

"ஓம், நான் மட்டும்தான்" என்றாள். "ஆர் ஆரையோ எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து இருக்க இடம் குடுத்தன். அவரை மட்டும் கோழிக்கடையில விடட்டே?"

எனக்குக் கண்ணாடியில் பின் ஆசனத்தைப் பார்க்கத் துணிவில்லை. காரோ மேட்டில் ஏறும்போது முக்கியது. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அது ஒருநாளும் அப்படி முக்கியதில்லை. பின்னால் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் வாங்குகிற மூச்சு. வாக்கியம் மட்டும் இல்லை.

அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். லிகாயா இறங்கி, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வீங்கிய கால்களை ஒவ்வொன்றாக வெளியே வைத்து, ஒருவர் கையை ஊன்றி எழும்ப எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றாள். "டாகான், டாகான்" என்றாள். மெல்ல, மெல்ல என்று அர்த்தம். காரின் பின்பக்கம் அசைந்து, ஒரு பாரம் இறங்கியது போல மேலே எழும்பியது. அதை நான் இருந்த ஆசனத்தில் உணர்ந்தேன்.

அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு என் ஜன்னலுக்கு வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் அந்த வெட்கச் சிரிப்பு அதில் இல்லை.

"நாளைக்கு எங்களோட சாப்பிட வாங்கோ, ஆத்தெ."

அந்த ஜன்னலோரக் கதிரையை நிமிர்ந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவளுக்கு 'இல்லை' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஓம், வாறன்" என்றேன்.